சித்தியின் நீலப் புடவை

சென்னைப் பட்டினம் துணி வியாபாரத்தால் உண்டான ஊர். 1639ஆம் வருஷத்தில் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கில வர்த்தகர், கப்பல் அணைவதற்கு நல்லதொரு துறைகூட இல்லாத இந்த மணற்கரையைத் தம் கம்பெனிக்காகத் தேர்ந்தெடுத்தபோது, அதற்கு அவர் காட்டிய முக்கியமான நியாயம், வெள்ளைத் துணியும் வர்ணம் தீட்டிய துணியும் இங்கே மற்ற இடங்களைக் காட்டிலும் மலிவாகக் கிடைக்கும் என்பதே. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1734இல், நெசவாளர்களையும் நூற்பவர்களையும் துணிக்கு வர்ணம் தீட்டுபவர்களையும் குடியேற்றுவதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டை உண்டாக்கப்பட்டது. அடையாற்றின் வடகரையில் உள்ள எங்கள் சைதாப்பேட்டையும் அந்தப் பெரிய வர்த்தகத்தின் ஓர் ஓரத்தில் நெடுங்காலம் பிழைத்த ஊர்தான். கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியும் லுங்கியும் நெய்தவர்கள், நூலுக்குச் சாயம் ஏற்றியவர்கள், மெழுகிட்டும் அச்சுப் பதித்தும் துணியைச் சித்திரமாக்கியவர்கள், ஆற்று மணலில் துணியை விரித்து வெளுத்தவர்கள் என்று துணியைத் தொட்டு வாழ்ந்த கைகள் பல தலைமுறைகளாக இங்கே இருந்தன. நான் வளர்ந்த 1960களில் அந்தத் தொழில்களில் பெரும்பாலானவை ஒடுங்கிவிட்டன என்றாலும், காரணீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தறிச் சத்தம் அடியோடு நின்றுவிடவில்லை. ஆற்றங்கரைக்குப் போகிற சந்துகளில் சாயநீர் ஓடிய கால்வாய்கள் சில நாட்களில் சிவப்பாகவும் சில நாட்களில் நீலமாகவும் இருக்கும்.

எங்கள் வீட்டில் அப்போது சித்தி இருந்தாள். என் தாயாரின் உடன்பிறந்த தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைவதற்குள் கணவரை விஷஜுரத்தில் பறிகொடுத்து, குழந்தையும் இல்லாமல், இருபத்து நான்கு பிராயத்தில் ஒரு தகரப் பெட்டியுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா அவளைச் சொந்தத் தங்கையாகவே பாவித்தார். அவள் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று தவணை முறையில் ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடுத்ததும் அவரே. தெருவில் உள்ள பெண்களின் ரவிக்கைகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடைகளையும் சித்தி தைத்தாள். ரோஜா வர்ணத்திலும் கிளிப்பச்சையிலும் மாம்பழ மஞ்சளிலும் மற்றவர்களுடைய துணிகள் பகல் முழுவதும் அவள் கைவழியே ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கரையில்லாத வெள்ளை மல் புடவையும் வெள்ளை ரவிக்கையும் அணிந்து அந்த மிஷினின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அப்படி உடுத்த வேண்டும் என்று யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் பாட்டி அப்படித்தான் உடுத்தினாள், பாட்டியின் அக்காளும் அப்படித்தான் உடுத்தினாள், ஆகவே சித்தியும் அப்படித்தான் உடுத்த வேண்டும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியங்கூட நேர்ந்ததில்லை.

எங்கள் வீட்டு மாடியறைக்கு நாகர்கோவிலிலிருந்து ஓர் உபாத்தியாயினி குடிவந்தார். பெண்கள் பள்ளியில் தையலும் சித்திரமும் கற்பிக்கிறவர்; தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கு டீச்சரக்கா. அவர் கொண்டுவந்த சாமான்களில் என் கண்ணைக் கவர்ந்தது, வைக்கோலை இறுக்கித் திணித்து உருளையாகத் தைத்திருந்த ஒரு தலையணை. அதன்மேல் துளைகள் குத்திய ஒரு கெட்டி அட்டை சுற்றியிருந்தது. அட்டையின் துளைகளில் நெருக்கமாகக் குண்டூசிகள் நின்றன. ஊசிகளின் இடையிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்தில் ஒரு சிறு மரக்கட்டை தொங்கியது. அந்தக் கட்டைகளை அவர் இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றிப் போடும்போது அவை ஒன்றோடொன்று மோதி மெல்லிய சப்தம் எழுப்பும். சிறிது நேரத்தில் ஊசிகளின் நடுவே பூவும் இலையுமாக ஒரு பின்னல் தோன்றியிருக்கும். அவர் ஊரில் அதை ரேந்தை என்பார்கள். நாங்கள் லேஸ் என்போம்.

அந்த ரேந்தையின் சரித்திரத்தை டீச்சரக்கா எங்களுக்குச் சொன்ன மாலைப் பொழுதுகள் என் கல்வியில் ஒரு பெரிய பாகம் என்று இன்று நினைக்கிறேன். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அடுத்த சில வருஷங்களுக்குள் மார்த்தா அம்மையார் அங்கே பெண்களுக்கு ஒரு பள்ளி நடத்தி அதில் இந்தத் தலையணைப் பின்னலைக் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் பாதிரியாரை 1844இல் மணந்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது, தாயாரிடம் கற்ற அதே வித்தையைத் தேரிக்காட்டுப் பெண்களுக்கும் கொடுத்தார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய அந்தப் பேரறிஞரின் பெயர் நமக்கெல்லாம் தெரியும். அவர் வீட்டுத் திண்ணையில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ரேந்தை பின்னிய பெண்களைப் பற்றி நினைப்பவர்கள் சிலரே. நாகர்கோவிலில் மார்த்தா அம்மையாரிடம் கற்ற பெண்களில் பலர் அக்காலத் திருவிதாங்கூரில் மார்பை மூடி மேலாடை அணியும் உரிமைகூட மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தோள்சீலைக்காக அவர்கள் அடிபட்டும் துணி கிழிக்கப்பட்டும் பல பத்தாண்டுகள் போராடிய பிறகே, 1859இல் அரசாங்கம் இறங்கிவந்து ஓர் உத்தரவு பிறப்பித்தது. அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்னரே ரேந்தைக் கூலியைக் காசு காசாகச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு என்று டீச்சரக்கா சொன்னபோது, மிஷினை மிதித்துக்கொண்டிருந்த சித்தியின் கால் நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

அன்று சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சில தினங்கள் சென்றபின் ஒரு மாலையில், டீச்சரக்கா பின்னி முடித்திருந்த இரண்டு விரல் அகலமான ஒரு துண்டை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தையற்காரியின் கண்ணோடு அதன் ஓரங்களைப் பரிசோதித்துவிட்டு, “டீச்சர், இதை எந்தத் துணியில வெச்சா எடுப்பா இருக்கும்?” என்று கேட்டாள்.

“அடர்த்தியான நிறம் வேணும், அக்கா. கருநீலத்துல வெச்சா பூ ஒவ்வொண்ணும் தனியாத் தெரியும்” என்றார் டீச்சரக்கா. பிறகு சற்றுத் தயங்கி, “உங்க கைக்கு நீலம் நல்லா இருக்கும்” என்றார்.

பாட்டிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வெள்ளை கட்டினவளுக்கு வர்ணம் எதற்கு, தெருவில் நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று அவள் கேட்டாள். பாட்டி கல்நெஞ்சம் படைத்தவள் அல்ல. தன் மகளை ஊர் வாயில் விழாமல் காப்பாற்றுவதற்குத் தான் அறிந்த ஒரே அரண் அந்த வெள்ளைத் துணிதான் என்று மெய்யாகவே நம்பியவள். சித்தி அதுவரை தாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், “நாலு பேர் எனக்கு ஒரு முழம் துணி வாங்கிக் குடுத்தாங்களாம்மா? நான் தைச்ச காசுல வாங்கின புடவை, நான் சாயம் போட்டுக்கறேன்” என்றாள். அப்பா திண்ணையிலிருந்தபடியே, “அவ சொல்றதுல என்ன தப்பு?” என்றார். அத்துடன் அந்த விவகாரம் ஒரு முடிவுக்கு வந்தது.

ஆற்றங்கரைச் சந்து ஒன்றின் கடைசியில் ஒரு சாயக்காரத் தாத்தா இருந்தார். வாலிபத்தில் சில காலம் மதுரையில் சௌராஷ்டிரர்களிடம் வேலை செய்து சுங்குடி கட்டும் கலையைக் கற்றவர். ஊர் திரும்பிய பின் கைக்குட்டை நூலுக்குச் சாயம் போட்டே வயதானவர். நகங்களில் ஏறிய நீலம் அவருக்கு எந்நாளும் வெளுத்ததில்லை. நாங்கள் கொண்டுபோன கோ-ஆப்டெக்ஸ் வெள்ளைப் புடவையை அவர் வாங்கி, ஓரத்தை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, “கஞ்சி போவல தாயி. கஞ்சி இருந்தா சாயம் மேலயே குந்திக்கினு இருக்கும், உள்ள எறங்காது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரவு முழுவதும் ஊறவைத்து, உவர்மண் கரைசலில் துவைத்து, வெள்ளாவியில் வைத்து, மறுபடியும் அலசிக் கொண்டுபோன பிறகே அதை ஏற்றுக்கொண்டார். சாயத் தொழிலில் பாதி வேலை சாயத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று அவர் சொல்லுவார். துணி எந்த அளவுக்குப் பரிசுத்தமாகித் தாகங்கொண்டிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வர்ணம் அதில் நிலைக்கும் என்பது அவருடைய சித்தாந்தம்.

பிறகு முடிச்சுப் போடும் வேலை. புடவையை நெடுக்கிலும் குறுக்கிலும் மடித்து, மடிப்புக் கோடுகள் சந்திக்கும் இடங்களை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் துணியை நகநுனியால் கடுகளவு கிள்ளி எடுத்து, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றி, அறுக்காமலேயே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். நூல் தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி மறைந்துவிடும். மிகையாக இழுத்தால் மல் துணி கிழிந்துவிடும். மதுரையில் இதையே குலத்தொழிலாகச் செய்யும் பெண்கள் ஒரு புடவையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள் என்று தாத்தா சொன்னார். எங்களால் அவ்வளவு இயலாது. முந்தானையில் நெருக்கமாகவும் உடலில் அகலக் கட்டங்களாகவும் புள்ளிகள் வரும்படி சித்தி ஒரு கணக்கு வகுத்தாள். சாப்பாட்டு வேலை முடிந்த இரவுகளில் அவளும் அம்மாவும் டீச்சரக்காவும் நானும் புடவையை நாற்புறமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கட்டுவோம். பாட்டி சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நான் போட்ட முடிச்சு வரிசை கோணலாகப் போவதைக் கண்டு பொறுக்காமல், “இப்படிக் குடு” என்று வாங்கி நேர் செய்தாள். அதற்கப்புறம் தினந்தோறும் ஒரு மூலை அவள் கையில் இருந்தது. அவள் சம்மதம் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

தாத்தாவின் முற்றத்தில் கழுத்துவரை தரையில் புதைத்த மண்தாழிகள் இருந்தன. உவர்மண்ணைக் கரைத்து வடித்த தெளிநீர், சுண்ணாம்பு நீர், வேகவைத்த தகரை விதை, அம்மியில் மைபோல் அரைத்த நீலக்கட்டி ஆகியவற்றை ஒன்றாகக் கூட்டி, நாள்தோறும் கலக்கிவிட்டு மூடிவைப்பார். அவருடைய தகப்பனார் காலத்தில் அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலம். அவர் காலத்தில் தொழிற்சாலையில் செய்த கட்டி. கட்டி மாறியதே ஒழிய, தாழியும் விதையும் மாறவில்லை. நீலம் ஒரு விசித்திரமான வஸ்து. அது தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் போகவும் மாட்டாது. தகரை விதை தாழிக்குள் புளித்து, அந்நீரிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொண்ட பின்னரே நீலம் தன் வர்ணத்தை இழந்து, மஞ்சளும் பச்சையுமான ஒரு திரவமாகக் கரைகிறது. தாத்தா மூடியைத் திறந்தபோது மேலே செம்பு நிறத்தில் மினுமினுக்கும் ஆடை படர்ந்திருந்தது. அதை ஒதுக்கினால் அடியில் முற்றிய வேப்பெண்ணெயின் நிறத்தில் நீர். வாடையோ அருகில் நிற்க முடியாதது. அவர் ஒரு விரலை நனைத்து முகர்ந்து, “பழுத்திருச்சி” என்றார்.

முடிச்சிட்ட புடவையை நனைத்துப் பிழிந்து, குமிழி எழாதபடி மெதுவாக, நீருக்கு வெளியில் கொஞ்சமும் தெரியாதபடி அமிழ்த்தினார். சற்று நேரம் கழித்து அவர் அதை மேலே எடுத்தபோது அது பச்சையாக இருந்தது. சித்தியின் முகம் வாடிவிட்டது. தாத்தா சிரித்துக்கொண்டே துணியைக் காற்றில் விரித்துப் பிடிக்க, முதலில் மடிப்பின் மேடுகளிலும், பிறகு விளிம்புகளிலும், பிறகு பரப்பு முழுவதிலும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை மங்கி நீலம் படர்ந்தது. காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன் நீலம் தன் பழைய ரூபத்தை அடைந்து, நூலிழைக்குள்ளேயே கரையாமல் தங்கிவிடுகிறது என்ற ரசாயன நியாயத்தை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அந்த முற்றத்தில் நின்ற எங்களுக்கு அது கண்முன் நடந்த அற்புதம். அமிழ்த்துவதும் காற்றாடவிடுவதுமாகப் பல தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் நீலம் ஒரு படி ஆழ்ந்தது. ஒரே முழுக்கில் கருநீலத்துக்குப் போக ஆசைப்பட்டால் சாயம் மேலோடு நின்று, உடுத்தியவரின் உடம்பில் ஒட்டும் என்றார். கடைசியில், நிலாவற்ற இரவின் நிறம் வந்தபின்தான் அலசுவதற்குக் கொடுத்தார். சித்தியின் வெள்ளை ரவிக்கைத் துணியும் அதே தாழியில் முழுகி அதே நிறத்தில் வந்தது.

புடவை காய்ந்த பின் நாங்கள் அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இழுத்தோம். முடிச்சு நூல்கள் படபடவென்று ஓடி அவிழ்ந்தன. ஒவ்வொரு முடிச்சும் இருந்த இடத்தில் ஒரு சிறு வெள்ளை வளையமும், அதன் நடுவில் ஒரு துளி நீலமும் நின்றன. அம்மா கட்டியவை சற்றுப் பெரியவை, டீச்சரக்கா கட்டியவை ஒரே அளவு, பாட்டி கட்டியவை மிகச் சிறியவை, நெருக்கமானவை. எந்த மூலை யாருடையது என்று பெயர் சொல்லிக் காட்டும்படி அமைந்துவிட்டது அந்தப் புடவை. இயந்திரத்தில் அச்சடித்த துணியில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்கும். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் ஒரு வீட்டாருடைய கைகள் யாவும் தத்தம் குணத்தோடு பதிந்திருக்கும் துணிக்கு ஈடான சௌந்தரியத்தை அதில் நான் கண்டதில்லை.

இதற்கிடையில் மாடியில் ரேந்தை வளர்ந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்குப் பெரும் சிக்கலாகத் தோன்றும் அந்தப் பின்னலில் உள்ள அசைவுகள் இரண்டே இரண்டு: ஒரு நூலை மற்றொன்றின்மேல் குறுக்கே கடத்துவது, ஒரு ஜோடி நூலை ஒன்றோடொன்று முறுக்குவது. இவ்விரண்டையும் எந்த இடத்தில் எத்தனை தடவை செய்ய வேண்டும் என்பதும், எந்தத் துளையில் ஊசி நாட்டி அதை நிறுத்த வேண்டும் என்பதுமே வித்தை. பூவின் இதழ் வரும் இடத்தில் நூல்கள் நெருங்கித் துணிபோல் அடர்ந்து நிற்கும். இதழுக்கு வெளியே அவை விலகி வலையாகும். டீச்சரக்கா சித்திக்குக் கற்றுக்கொடுத்தார். மிஷினின் வேகத்துக்குப் பழகியிருந்த சித்தியின் கைகள் முதலில் அந்த நிதானத்துக்கு வசப்படவில்லை. பிறகு அந்த நிதானமே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மாலை முழுவதும் உழைத்தால் ஒரு விரல் நீளம் கிடைக்கும். அந்த விரல் நீளத்தை அவள் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பாள்.

ரேந்தையை ரவிக்கையோடு சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. பருத்தி நூலில் பின்னிய ரேந்தை முதல் தண்ணீரில் சுருங்கும். அப்படியே தைத்துவிட்டால் பின்னால் கையோரத்தைச் சுருக்கி இழுத்து ரவிக்கையையே கெடுத்துவிடும். ஆகவே அதை முன்னதாகவே வெந்நீரில் நனைத்து, பலகையில் ஊசி குத்தி அதன் வடிவம் கெடாமல் காயவைத்தார்கள். சாயம் கலையாது என்று உறுதிப்பட்ட பின்பும், ரவிக்கையைத் தனியே பலமுறை அலசி, கடைசி அலசல் நீர் தெளிவாக இருப்பதைக் கண்ட பிறகே வெள்ளை ரேந்தையை அதன் அருகில் கொண்டுவந்தார்கள். சித்தி மிஷினைத் தொடாமல், கையூசியால், வெளியில் தெரியாத சிறு தையல்களாக அதை இரு கைகளின் ஓரத்திலும் பின் கழுத்திலும் வைத்துத் தைத்தாள். டீச்சரக்கா சொன்னது மெய்யாயிற்று. கருநீலத்தின்மேல் ஒவ்வொரு பூவும் தனியாகத் தெரிந்தது.

நவராத்திரியில் ஒரு வெள்ளிக்கிழமை சித்தி அந்தப் புடவையை உடுத்திக்கொண்டு காரணீசுவரர் கோயிலுக்குப் போனாள். அம்மா ஒரு பக்கமும் டீச்சரக்கா ஒரு பக்கமும் நடக்க, நான் பின்னால் போனேன். சிலர் பார்த்தும் பாராதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; ஒரு வீட்டு அம்மாள் அதன்பின் சில காலம் தைக்கத் துணி கொடுக்கவில்லை. வேறு சிலர் அருகில் வந்து, ரவிக்கையின் கையோரத்தைத் தொட்டுப் பார்த்து, இதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். “வாங்கல. நாங்களே செஞ்சோம்” என்று சித்தி பதில் சொன்ன தோரணையை என்னால் விவரிக்க இயலவில்லை, நான் கண்ட மட்டில் அவள் அதற்கு முன் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. வீடு திரும்பியதும் பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்து, முந்தானையின் ஒரு மடிப்பைச் சரிசெய்துவிட்டு, “சுத்தமா இருக்கு” என்று சொன்னாள். அதற்குமேல் அவள் என்றுமே ஒன்றும் சொன்னதில்லை.

அந்நாட்களில் சென்னையில் துணியைச் சித்திரமாகப் பார்க்கும் கண் வேறோர் இடத்திலும் திறந்திருந்தது. 1850இல் தோன்றிய சென்னைக் கலைப்பள்ளியில் அப்போது தலைமை வகித்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய சீடர்களும், சித்திரங்களை விற்று மட்டும் ஜீவனம் நடத்த முடியாது என்று கண்டு, மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். டீச்சரக்கா எங்களை ஒருமுறை அப்படிப்பட்ட துணிகளைக் காண அழைத்துப்போனார். மெழுகு விரிந்த கீறல்களில் சாயம் நரம்பு நரம்பாக ஓடியிருந்த ஒரு துணியின் முன் சித்தி நெடுநேரம் நின்றாள். தாத்தாவின் முற்றத்திலும் எங்கள் கூடத்திலும் நடந்ததும், படித்த ஓவியர்கள் இங்கே செய்திருப்பதும் ஒரே காரியம் என்பதை அன்று அவள் உணர்ந்திருக்க வேண்டும். ஏனெனில், அதன் பிறகு அவள் தன்னைத் தையற்காரி என்று சொல்லிக்கொள்ளக் கூசியதே இல்லை. வீட்டின் பின்கட்டில் ஒரு தாழி புதைக்கப்பட்டது. தெருவுக்கு அப்பாலிருந்தும், மாம்பலத்திலிருந்தும்கூட, வெள்ளைப் புடவையோடு பெண்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் வாசலில் தயங்கி நிற்பார்கள். சித்தி அவர்களிடம் கேட்கும் முதற்கேள்வி, “உனக்கு என்ன கலர் பிடிக்கும்?” என்பதே. அந்தக் கேள்வியைத் தங்கள் வாழ்நாளில் முதன்முதலாகக் கேட்டவர்கள்போல் பதில் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்ட பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்த வித்தைகளை வீழ்த்தியது எது என்று பின்னாளில் நான் தேடிப் படித்தபோது, வருஷங்கள் வரிசையாக நின்றன. 1856இல் பதினெட்டு வயதான பெர்க்கின் என்னும் ஆங்கில வாலிபர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். 1868இல் ஜெர்மானியர் இருவர், சிவப்புச் சாயத்தின் சாரமான அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். நம் கடற்கரை மணலில் தோண்டி எடுத்த சாயவேருக்கு அதோடு விலை இல்லாமற் போயிற்று. 1897இல் தொழிற்சாலை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரி வயல்கள் சுருங்கின. கடுக்காய் நீரில் தோய்த்து, படிகாரம் ஏற்றி, வேரோடு வேகவைத்து, ஓடும் ஆற்றில் அலசிச் சிவப்பைப் பிறப்பித்த கைகளுக்கு, பொட்டலம் பிரித்துக் கொதிநீரில் கொட்டினால் போதும் என்ற நிலை வந்தது. சுலபமானது வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஏழைகளும் வர்ணம் உடுத்த அது உதவிற்று. அதனுடன் கூடவே ஆறு கெட்டதும், கைக்குத் தெரிந்தது மறந்ததும்தான் துக்கம். தாத்தா துணி அலசிய அடையாற்றின் நீரில் இன்று எவரும் துணி அலச மாட்டார்கள்.

எனினும் எல்லாம் போய்விட்டதென்று சொல்லுவது பொய். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் அவுரி மறுபடியும் பயிராகிறது. குமரி மாவட்டத்தில் ரேந்தை தெரிந்த மூதாட்டிகள் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதற்குப் பெரிய ஸ்தாபனம் எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளைத் துணியும், ஒரு தாழியும், கற்றுக்கொடுக்க மனமுள்ள ஒரு பெண்மணியும் போதும் என்பதை எங்கள் வீடு எனக்குக் காட்டியது. பள்ளிக்கூடங்களில் தையல் வகுப்பு என்ற பெயரில் இன்னமும் ஏதாவது நடக்குமானால், அதில் ஒரு முடிச்சும், ஒரு முழுக்கும், ஒரு விரல் நீளப் பின்னலும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், ஆண் பெண் என்ற பேதமில்லாமல், கற்றுக்கொடுக்கப்பட வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

வாசகர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. யாரோ விதித்த வழக்கத்துக்காக விருப்பமில்லாமல் வெறுந்துணி உடுத்துகிற ஒரு பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அவளுக்குப் புதுப்புடவை வாங்கிக் கொடுத்துவிட்டு உங்கள் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். அவளுக்கு எந்த வர்ணம் பிடிக்கும் என்று கேளுங்கள். அவள் சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு அவளோடு உட்கார்ந்து ஒரு மூலையை நீங்களும் கட்டுங்கள். வர்ணம் எந்த மனுஷருக்கும் விலக்கப்பட்ட பொருள் அன்று.